இரண்டு கோட்டு ரெட் ஆக்சைடு: கூடலூர் நார் மில்லுக்கு ஒரு பயணம்

கம்பம் பள்ளத்தாக்கு என்றதும் அருவி, அணை, திராட்சைப் பந்தல் என்று தேடிக்கொண்டு இங்கே வந்து விழுந்தவர்கள் மன்னிக்க வேண்டும். மூன்று நாள் அந்தப் பக்கம் இருந்தேன். சுருளி அருவி இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. நான் பார்க்கப் போனது ஒரு கழிவுநீர்த் தொட்டியை. வழக்கமாக என் பதிவுகளைப் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. கோவையில் முலாம் பூசும் பட்டறைகளுக்கு ரெக்டிஃபையர் விற்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். வீட்டுக்கு வரும் கரண்டை, பேட்டரியில் இருந்து வருவது போல ஒரே திசையில் பாயவைத்துத் தரும் பெட்டிதான் ரெக்டிஃபையர். அதே பெட்டியை வைத்து அழுக்குத் தண்ணீரையும் தெளியவைக்கலாம் என்று தெரிந்துகொண்ட நாளிலிருந்து, ஊர் ஊராகப் போய்ச் சாக்கடையை எட்டிப் பார்ப்பவளாக ஆகிவிட்டேன்.

"பெரிய ஆலையில் இருப்பது வேண்டாம் மேடம், எங்களைப் போலச் சின்ன அளவில் தொழில் பண்ணுகிறவர்கள் நேரில் போய்ப் பார்க்கிற மாதிரி எங்கேயாவது ஓடுகிறதா?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். இப்போது ஒன்று ஓடுகிறது. ஓடுமா ஓடாதா என்று இரண்டு நாள் என் உயிரை எடுத்துவிட்டுத்தான் ஓடியது.

போன காரணம் ஸ்டெல்லா. மதுரையில் என்னோடு வேதியியல் படித்தவள், ஒரே விடுதி அறை. கூடலூருக்கு வெளியே தென்னந்தோப்பு நடுவில் சின்னதாக ஒரு நார் மில் வைத்திருக்கிறாள். தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்த பிறகு மிஞ்சும் தூளைக் கழுவி, உலர்த்தி, கட்டியாக அமுக்கி விற்றால் நாற்றுப்பண்ணைக்காரர்கள் நல்ல விலைக்கு எடுக்கிறார்கள். கழுவாத தூளில் உப்பு அதிகம், நாற்று கருகும். ஆக, கழுவியாக வேண்டும். கழுவிய தண்ணீரோ கடுங்காப்பி நிறத்தில் வரும். மட்டையின் துவர்ப்பும் இன்னும் என்னென்னவோ சத்துகளும் அதில் கரைந்திருக்கும். அதை ஸ்டெல்லா ஒரு மண் குழியில் விட்டுவந்தாள். குழி கசிந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கிணறு மெல்லப் பழுப்பேறி, ஒரு நாள் காலையில் கிணற்று மீனில் முக்கால்வாசி செத்து மிதந்தன. இந்தச் சத்துகள் தண்ணீரில் மக்கும்போது அதிலிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். மீனுக்கு மூச்சு முட்டிப்போகும்.

கிணற்றுக்காரர் பெயர் தெய்வேந்திரன். இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை. ஸ்டெல்லாவின் மில்லுக்கு லாரி போகிற பாதை அவர் நிலத்து வழியாகத்தான் போகிறது. மீன் மிதந்த அன்றே அவர் பாதையின் குறுக்கே வேலிமுள்ளை வெட்டிப் போட்டுவிட்டார். மில் நின்றது. தூள் கழுவும் பெண்கள் பன்னிரண்டு பேருக்கும் வேலை இல்லை.

என் பெட்டியை வைத்துத் தண்ணீரைத் தெளியவைத்துவிடலாம் என்று நான் சொன்னதை ஸ்டெல்லா அவரிடம் போய்ச் சொன்னாள். அன்று இரவு போனில் அவள் குரல் உடைந்திருந்தது. "கலை, அவுக ஒரு வார்த்த சொல்லிட்டாக. ஒன் மிசினு சுத்தம் பண்ணுன தண்ணியில எங் கெணத்து மீன் ஒரு ராத்திரி உசுரோட இருந்தா முள்ள எடுத்துருவேன், இல்லன்னா திங்கக்கெழம தேனிக்குப் போயி கலெக்டர்ட்ட மனுக் குடுத்துருவேன்னு. மனுக் குடுத்தாகன்னா அம்புட்டுதேன். நான் மில்ல மூட வேண்டியதுதேன்."

திங்கள் என்பது குறைதீர்க்கும் நாள். எங்கள் கையில் இருந்தது சனியும் ஞாயிறும். ரெக்டிஃபையரை முன்கூட்டியே பார்சல் லாரியில் அனுப்பிவிட்டேன். தொட்டியில் தொங்கவிட வேண்டிய இரும்புத் தகடுகளைக் கம்பத்தில் ஒரு கிரில் பட்டறையில் செய்யச் சொல்லி, நீளம், அகலம், கனம், தகட்டுக்குத் தகடு இடைவெளி எல்லாவற்றையும் போனிலேயே ஸ்டெல்லாவிடம் சொன்னேன். எதுவும் விட்டுப்போகவில்லை என்றுதான் நினைத்தேன்.

பொங்கல் கழிந்த அடுத்த வாரம், சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்குக் கோவையில் பஸ் ஏறினேன். தேனிக்கு இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு வழி. ஆறு மணி நேரம் என்று நடத்துநர் சொன்னார், ஆறேகால் ஆனது. வத்தலக்குண்டு தாண்டியதும் வலப்பக்கம் மலை கூடவே வரத் தொடங்கும். அந்தப் பக்க ஜன்னலில் உட்காருங்கள். தேனியில் இறங்கிச் சாப்பிட்டேன். அளவுச் சாப்பாடு நூறு ரூபாய், மொச்சைக் குழம்பு பிரமாதம், அப்பளம் நமுத்திருந்தது. மதுரையிலிருந்து வருபவர்களுக்குப் போடி ரயில் இருக்கிறது, அதுவே சுகம். காலையில் பிடித்தால் பத்து மணிக்கெல்லாம் தேனியில் இறங்கிவிடலாம்.

தேனியிலிருந்து கூடலூர் ஐம்பது கிலோமீட்டர். குமுளி போகும் பஸ் எது வந்தாலும் ஏறலாம். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் எல்லாம் வரிசையாக வரும். சாலையின் இரு பக்கமும் நெல், வாழை, தென்னை, பந்தல் என்று பச்சை மாறி மாறிப் போகும். எனக்கு மலைச்சாலைதான் ஒத்துக்கொள்ளாது. இது சமதளம் என்பதால் வாந்தி இல்லாமல் போய்ச் சேர்ந்தேன். அதற்கே அந்த ஊருக்கு ஒரு கும்பிடு.

கூடலூரில் இறங்கியதும் ஆட்டோக்காரர், என் பையைப் பார்த்துவிட்டு, "தேக்கடிக்கா சேச்சி?" என்றார்.

"இல்லை, நார் மில்லுக்கு."

"நார் மில்லுக்கா? அங்கனதேன் முள்ளு போட்டுருக்காகளே. வண்டி போகாது. முள்ளு வரைக்கும் விடுறேன், எம்பது ரூவா குடுங்க."

நாலு கிலோமீட்டருக்கு எண்பது அதிகம்தான். ஆனால் முள் விவரம் ஆட்டோ ஸ்டாண்டு வரை தெரிந்திருக்கிறது என்றதும் எனக்குப் பேரம் பேசும் மனம் போய்விட்டது. முள் போட்ட இடத்தில் இறங்கி, சேலையை ஒதுக்கிக்கொண்டு வரப்பில் நடந்தேன்.

மில்லில் தொட்டி தயாராக இருந்தது. ஐந்நூறு லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, அதில் காப்பி நிறக் கழிவுநீர், உள்ளே தகடுகள் வரிசையாகத் தொங்கின. ஸ்டெல்லா எலக்ட்ரீஷியனை வைத்து ஒயரெல்லாம் முடுக்கி வைத்திருந்தாள். எனக்குக் காப்பி தரக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. "போடு கலை, போட்டுப் பாத்துருவோம்" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

போட்டேன். வோல்ட்டைக் காட்டும் முள் ஏறியது. ஆம்பியரைக் காட்டும் முள் செத்த பல்லி போலப் பூஜ்யத்தில் கிடந்தது.

இப்படி நடந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ரெக்டிஃபையரை. பார்சல் லாரிக்காரன் தூக்கிப் போட்டிருப்பான் என்று அவனைத் திட்டிக்கொண்டே பெட்டியைத் திறந்து பார்த்தேன், சரியாக இருந்தது. ஒயரைச் சந்தேகப்பட்டேன், சரியாக இருந்தது. எலக்ட்ரீஷியனைச் சந்தேகப்பட்டேன், அவரும் சரியாகத்தான் செய்திருந்தார். தண்ணீரைச் சந்தேகப்பட்டேன், இந்தத் தண்ணீரில் உப்பு இருப்பதால் கரண்ட் ஓடத் தடையே இருக்கக் கூடாது. இரண்டு மணி நேரம் போனது. ஸ்டெல்லா பெருக்கிய தரையையே திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டிருந்தாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு. வரப்பில் ஒரு ஆள் வந்து நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார். அவர்தான் தெய்வேந்திரன் என்று பிறகு தெரிந்தது.

கடைசியில் அலுத்துப்போய் ஒரு தகட்டை வெளியே இழுத்துத் துடைத்தேன். செம்பழுப்பு நிறம். துரு என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். வழவழ என்று இருந்தது. துரு எப்போது வழவழப்பாக இருந்திருக்கிறது?

"ஸ்டெல்லா, இதில் என்ன பூசியிருக்கிறது?"

"ரெட் ஆக்சைடுதேன். பட்டறை பாய் எம்புட்டு அக்கறையாச் செஞ்சாக தெரியுமா? ரெண்டு கோட்டு அடிச்சு, வெயில்ல காயவச்சு, சாக்கு சுத்திக் குடுத்தாக."

எனக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. விஷயம் இதுதான். இந்த முறையில் இரும்புத் தகடு கரைய வேண்டும். கரண்ட் பாயும்போது ஒரு பக்கத்துத் தகட்டிலிருந்து இரும்பு பொடிப்பொடியாகத் தண்ணீரில் இறங்கி, அழுக்கைப் பிடித்துத் திரளாக்கி இழுத்துக்கொண்டு அடியில் படியும். தகடு தேய்ந்தால்தான் தண்ணீர் தெளியும். ரெட் ஆக்சைடோ இரும்பு தேயாமல் இருக்கப் பூசுவது. அதையும் ஒன்றுக்கு இரண்டு கோட்டாகப் பூசியிருந்தார்கள்.

பட்டறைக்காரர் காஜா மைதீன் பாய்க்குப் போன் போட்டேன். சத்தமாகத்தான் தொடங்கினேன்.

"மேடம், செத்தப் பொறுங்க" என்றார் அவர். "பெயிண்ட் அடிக்காம ஒரு இரும்புச் சாமானு எம் பட்டறைய விட்டு வெளிய போனதில்ல. கேட்டுன்னாலும் சரி, சன்னல் கம்பின்னாலும் சரி. தண்ணிக்குள்ள தொங்கப் போகுதுன்னு தங்கச்சி சொன்னாக. தண்ணியில தொங்குனா துரு ஏறும்ல? அதேன் ரெண்டு கோட்டு. ரெண்டாவது கோட்டுக்கு நான் காசுகூட வாங்கல."

"துரு ஏறணும் பாய். அதுக்குத்தான் வாங்கினதே."

"துரு ஏறுறதுக்குன்னே தகடா?"

"சோப்பு எதுக்கு வாங்குறோம்? கரையத்தானே?"

"அப்ப இது சோப்பு."

"ஆமா."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல மேடம்" என்றார். நியாயம்தான். கோவையில் இதைச் சொல்லவேண்டிய அவசியமே எனக்கு வந்ததில்லை. முலாம் பட்டறைக்காரர்களுக்குக் கரண்ட் ஓடுகிற இடத்தில் பெயிண்ட் ஆகாது என்று தெரியும். கிரில் செய்கிறவருக்கோ பெயிண்ட் இல்லாத இரும்பு என்பது பாதி வேலை. அவர் மேல் எனக்கு இருந்த கோபம் அந்தப் பேச்சோடு போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்டெல்லா மாதா கோயில் பூசை முடிந்து வருவதற்குள் பாய் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பைக்கை முள்ளுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, கிரைண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்த அழகைப் பார்த்திருக்க வேண்டும். தான் பூசியதைத் தானே சுரண்டுகிற வேதனை முகத்தில் தெரிந்தது. ஒவ்வொரு தகடு பளிச்சென்று வெளியே வரும்போதும், "மானத்த வாங்குறீக மேடம்" என்றார். பத்தரைக்கு எல்லாத் தகடும் அம்மணமாகத் தயார்.

இந்த நேரத்தில் தெய்வேந்திரன் வந்து, ஒரு மட்டைக் குவியல் மேல் துண்டைப் போட்டு உட்கார்ந்தார். அறுபது வயது இருக்கலாம். முறுக்கிக்கொண்டு வந்த ஆள் மாதிரி இல்லை. நொந்துபோன ஆள் மாதிரி இருந்தார். "எங்க அய்யா காலத்துலருந்து அந்தக் கெணத்துல கெண்டை கெடக்கு தாயி. கொசு அண்டாது, பாசி புடிக்காது. அன்னைக்குக் காலம்பற முக்காவாசி வெள்ளையா வயித்தக் காட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. எனக்குச் சோறு எறங்கல" என்றார். ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் பக்கம்தான் நியாயம் என்று எனக்கும் பட்டது, அவளுக்கும் தெரியும்.

மறுபடி சுவிட்சைப் போட்டேன். ஆம்பியர் முள் கிறுகிறுவென்று ஏறி நூறில் நின்றது. "யம்மாடி!" என்று கத்தியே விட்டேன். தகடுகளுக்கு நடுவிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. தெய்வேந்திரன் அருகே வந்து பார்க்கக் குனிந்தார், வாயில் பற்றவைத்த பீடி.

"பீடியை அணைங்க முதல்ல!" என்று போட்ட சத்தத்தில் அவர் பீடியைக் கீழேயே போட்டுவிட்டார். குமிழியில் வருவது ஹைட்ரஜன். திறந்த கொட்டகை என்பதால் காற்றில் போய்விடும். அதற்காகத் தொட்டிக்கு மேல் நெருப்பைக் காட்ட முடியாது. "எங் கெணத்தையும் கெடுத்துட்டு எம் பீடியையும் புடுங்குறீக" என்று முணுமுணுத்தபடி போய் உட்கார்ந்தார்.

அரை மணி நேரத்தில் அது நடந்தது. பழுப்பாக இருந்த தண்ணீர் கறுக்கத் தொடங்கியது. முதலில் ஓரங்களில், பிறகு நடுவில், பிறகு தொட்டி முழுக்க. கன்னங்கரேல் என்று, பார்த்தால் முகம் தெரிகிற கறுப்பு.

ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள். "கலை, என்னப்பா இது? காப்பியா இருந்தது மையாப் போச்சே."

தெய்வேந்திரன் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "நல்லதாப் போச்சு. மனு எழுதப் பேனா தேட வேணாம், இதத் தொட்டே எழுதிரலாம்" என்றார்.

பாய் மட்டும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னதில் ஒரு உண்மை இருந்தது, அது மையேதான். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் ஊறவைத்து மை காய்ச்சினார்கள். அன்னபேதியில் இருப்பது இரும்பு. கடுக்காயில் இருக்கிற துவர்ப்பு, தேங்காய் மட்டையிலும் இருக்கிறது. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். இது எனக்குத் தெரியும். இன்னும் இரும்பு இறங்க இறங்க அந்தக் கறுப்பே திரண்டு படிந்துவிடும் என்பதும் தெரியும். ஆனால் நான் அதைப் பார்த்ததெல்லாம் கண்ணாடிக் குவளையில். ஐந்நூறு லிட்டர் தொட்டியில், ஒரு சிநேகிதியின் பிழைப்பு தொங்கிக்கொண்டிருக்கும்போது பார்த்ததில்லை. வாயால் "இது இப்படித்தான் ஆகும், பொறுங்க" என்றேன். சொல்லிவிட்டு ஆம்பியர் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன். நடுவில் ஒருமுறை ஒயரை மாற்றிக் கரண்டின் திசையைத் திருப்பினேன். அப்போதுதான் எல்லாத் தகடும் ஒரே சீராகத் தேயும். ஸ்டெல்லா எல்லோருக்கும் சோறு கொண்டுவந்தாள். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை, தெய்வேந்திரனைத் தவிர. அவர் ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

சுவிட்சை அணைத்துவிட்டு, ஒரு ஊறுகாய் பாட்டிலில் கறுப்புத் தண்ணீரை மொண்டு சுவர் மேல் வைத்தேன். நாலு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கறுப்புக்குள் பொரிப்பொரியாக ஏதோ தெரிந்தது. திரள் பெரிதாகிக் கீழே இறங்கத் தொடங்கியது. பாட்டிலின் கழுத்துப் பக்கம் ஒரு விரல் அளவுக்கு வெளிச்சம் விழுந்தது. அது இரண்டு விரலானது, கையளவானது. அடியில் கறுப்புச் சகதி, மேலே வைக்கோல் ஊறிய தண்ணீரின் இளநிறம். அதன் வழியாக அந்தப் பக்கத்துத் தென்னை மரம் தெரிந்தது.

ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள். பாய் பாட்டிலைத் தூக்கி வெயிலில் பிடித்து, "அப்ப சோப்புதேன்" என்றார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தெய்வேந்திரன் மட்டும் அசையவில்லை. "கண்ணுக்குத் தெளிஞ்சிருச்சு. மீனுக்குத் தெளிஞ்சிருச்சான்னு மீனுதேன் சொல்லணும்" என்று கிளம்பினார்.

தொட்டித் தண்ணீரைத் தெளியவிட்டு, மணல் வழியாக வடித்து, காற்றுப் படுவதற்காக ஒரு தகரத்தின் மேல் வழிந்து விழச் செய்தோம். மாலை நாலரைக்கு அவர் ஒரு வாளியோடு வந்தார். உள்ளே கெண்டை. கிணற்றில் பிழைத்துக் கிடந்தவை. ஜிலேபி மீன் கிடைக்கவில்லையா என்று ஸ்டெல்லா அப்பாவியாகக் கேட்டாள். "ஜிலேபி சாக்கடையிலயும் பொழைக்கும் தாயி. அத உட்டு என்னைய ஏமாத்தப் பாக்குறியா? கெண்டைதேன் பொய் சொல்லாது" என்றார். மனிதர் யோசித்துத்தான் வந்திருக்கிறார். நானும் யோசித்தேன். நம் தண்ணீர் ஒரு பேசினில், அவர் கிணற்றுத் தண்ணீர் இன்னொரு பேசினில், இரண்டிலும் மும்மூன்று மீன் விட வேண்டும் என்றேன். எங்கள் பேசினில் மீன் செத்தால் காரணம் தண்ணீரா, வாளியில் அடிபட்டதா என்று தெரிய வேண்டுமே. ஒத்துக்கொண்டார். இரண்டு பேசினையும் கொசுவலை போட்டு மூடி, அவர் மோட்டார் ரூமிலேயே வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார்.

இரவு ஸ்டெல்லா வீட்டில் தங்கினேன். அசதியில் நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னால் அவள் கோபித்துக்கொள்வாள்.

காலை ஆறரைக்குப் போனோம். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் சாலையில் போய்க்கொண்டிருந்தன. முள்ளுக்கு இந்தப் பக்கம், தூள் கழுவும் பெண்கள் நாலைந்து பேர் ஏற்கெனவே வந்து நின்றார்கள். யாரும் வரச் சொல்லவில்லை. மோட்டார் ரூம் வாசலில் தெய்வேந்திரன் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, வெள்ளைச் சட்டை போட்டு நின்றார். தேனிக்குப் போகும் கோலம். ஸ்டெல்லா என் பின்னால் ஒதுங்கினாள்.

அவர் பூட்டைத் திறந்து, கிணற்றுத் தண்ணீர் பேசினின் வலையைத்தான் முதலில் விலக்கினார். மூன்றும் உயிரோடு இருந்தன. பிறகு எங்களுடையது. ஒரு கணம் தண்ணீர் அசையவே இல்லை. அவர் விரலை உள்ளே விட்டார். மூன்றும் விருட்டென்று ஒரு சுற்றுச் சுற்றின. மேலே வந்து வாய் பிளக்கவில்லை, சாயவில்லை. விரலை எடுத்ததும் ஒரு மூலையில் சேர்ந்து நின்றுகொண்டன.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். குனிந்து எங்கள் பேசினை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். மீனை மட்டும் பிடித்துப் போடுவார் என்று நினைத்தேன். மீனும் தண்ணீருமாக அப்படியே தன் கிணற்றுக்குள் கவிழ்த்தார்.

ஸ்டெல்லா அழுதுவிட்டாள். சத்தமாகவே அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

"ஏண்ணே, அப்ப எங்க கெளம்பிட்டீக, வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டு?" என்று அழுகைக்கு நடுவில் கேட்டாள்.

"போட்டது போட்டாச்சு. வேலைய ஆரம்பிப்போம்" என்று அரிவாளை எடுத்துக்கொண்டு முள்ளைப் பார்த்து நடந்தார். அந்தப் பெண்களும் சேர்ந்து இழுத்தார்கள்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. முதலில், இந்த முறை எல்லாவற்றுக்கும் ஆகாது என்பதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சாயம், மட்டைத் துவர்ப்பு, கலங்கல் இவற்றை நன்றாகப் பிடிக்கும். கரைந்த சர்க்கரையைப் பிடிக்காது. ஜூஸ் கம்பெனிக்காரர்கள் எனக்கு எழுதாதீர்கள், உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. உப்பையும் எடுக்காது. அதனால் ஸ்டெல்லா இந்தத் தண்ணீரை நல்ல தண்ணீர் கலந்து தன் தென்னைக்குத்தான் பாய்ச்சுகிறாள். தென்னைக்கு இந்த உப்பு ஒத்துப்போகும், திராட்சை கருகிவிடும். மண் குழியை மூடியாகிவிட்டது. அடியில் படியும் கறுப்புச் சகதியைத் தோட்டத்தில் கொட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். உலர்த்தி, பரிசோதித்து, முறைப்படிதான் அகற்ற வேண்டும். நீங்கள் வைப்பதாக இருந்தால் உங்கள் தண்ணீரைக் குவளையில் சோதித்துப் பார்த்துவிட்டே தொட்டிக்குப் போங்கள். மீன் பிழைத்தது என்பதற்காக ஆய்வகப் பரிசோதனையையும் அனுமதியையும் விட்டுவிடக் கூடாது. ஸ்டெல்லா அந்த வாரமே மாதிரி எடுத்து அனுப்பிவிட்டாள்.

தங்குவதற்குக் கம்பம் வசதி. எண்ணூறு ரூபாய்க்குச் சுமாரான அறை கிடைக்கும். அங்கிருந்து கூடலூர் பத்து கிலோமீட்டர்தான். சபரிமலை சீசனில் மட்டும் போகாதீர்கள், பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. மில்லைப் பார்க்க விரும்பினால் கீழே கருத்துப் பெட்டியில் எழுதுங்கள், அவளைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். தகடு அடிக்கக் கொடுக்கும்போது, "பெயிண்ட் வேண்டாம்" என்று ஒரு முறைக்கு இரண்டு முறை சொல்லுங்கள். காரணத்தையும் சொல்லுங்கள். காரணம் தெரிந்த பிறகு காஜா பாய் இரண்டாவது செட் தகட்டைப் பெயிண்ட் இல்லாமல்தான் அனுப்பினார். மனம் கேட்காமல், தொட்டியைத் தாங்குகிற ஸ்டாண்டுக்கு மட்டும் மூன்று கோட்டு அடித்துக் கொடுத்திருக்கிறார்.

அன்று மதியம் கிளம்பினேன். அதே ஆட்டோக்காரர், இந்த முறை மில் வாசல் வரை வந்து ஏற்றிக்கொண்டார். பாதை திரும்பும் இடத்தில் தெய்வேந்திரன் முள்ளைக் குவித்து எரித்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை தோளில் கிழிந்திருந்தது, வாயில் பீடி. கையைக் காட்டி ஆட்டோவை நிறுத்தி, ஒரு பெரிய பன்னீர் திராட்சைக் குலையை என் மடியில் வைத்தார். ஈரம் சொட்டியது.

"கழுவித்தேன் குடுக்குறேன். இப்பவே திங்கலாம்" என்றார்.

"எந்தத் தண்ணியில கழுவினீங்க?" என்று கேட்டுவிட்டேன், பழக்கதோஷம்.

"எங் கெணத்துத் தண்ணியிலதேன்" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏன், யோசனையா இருக்கா?"

ஒரு திராட்சையைப் பிய்த்து அவர் முன்னாலேயே வாயில் போட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, முள் எரிகிற பக்கம் திரும்பினார். தேனி போய்ச் சேர்வதற்குள் குலை முழுவதையும் தின்று முடித்துவிட்டேன்.